நாம் எழுதுவது யாருக்கெல்லாம் எட்டுகிறது?

(திருப்போரூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகான நேரத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். ஆறாம் பாடவேளையில் வகுப்பெடுத்துப் பழகியவர்கள்தானே நாம் எல்லோரும், அதனால் அஞ்சவில்லை. ‘ஆசிரியர்களும் எழுத்தும்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். எப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. இங்கே இருப்பவர்களில் பலர் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள். எழுதிய பிறகு அது எங்கே போகிறது, யார் கைக்குப் போய்ச் சேர்கிறது, யாருக்கு எட்டாமலே நின்றுவிடுகிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் ஒன்றியத்திலேயே கவிதை எழுதுகிறவர்கள், சிறுவர் கதை எழுதுகிறவர்கள், தங்கள் ஊரின் ஏரி, கோயில், குலசாமி பற்றித் தகவல் திரட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் கையிலிருந்த பணத்தைப் போட்டுப் புத்தகமாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் கொடுத்தது போக மீதிக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. “ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது அதை நகர்த்தி வைப்பதுதான் பெரிய வேலை” என்றார் ஒரு தமிழாசிரியர். மற்றவர்கள் முகநூலில் எழுதுகிறார்கள், அல்லது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கட்டிலடிக் கட்டு மறையாது. ஆனால் இரண்டையும் தேடி வந்து படிக்க யாராலும் முடியாது.

சொந்தமாகப் புத்தகம் போடுவதைச் சிலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது எந்தப் பதிப்பகமும் அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. புத்தகம் வருவதற்கு முன்பே ‘கையொப்பம்’ வாங்கி, அதாவது வாங்கிக்கொள்கிறேன் என்று பலரிடம் ஒப்புதல் பெற்று, அந்தப் பணத்தில் அச்சு வேலையை நடத்தினார். அப்போது அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர். விடுமுறையில் சென்னைக்கு வந்து அச்சுப்பிழை திருத்தியிருக்கிறார். நம்முடைய மே மாத விடுமுறையை அவரோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம், வருத்தமாக இருக்கும். பாரதியாரும் 1920-இல் கடையத்தில் இருந்தபோது, தம் கையெழுத்துப் பிரதிகளை நூல்களாகக் கொண்டுவரக் கடனாகப் பணம் தந்து உதவும்படி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அந்தத் திட்டம் நடக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். பிறகு அவருடைய பாடல்களின் உரிமை பலர் கைக்கு மாறியது. ஒலிபரப்பு உரிமையை ஒரு திரைப்பட நிறுவன அதிபர் வைத்திருந்தார். 1949-இல் அரசு அந்த உரிமைகளைப் பெற்று நாட்டுடைமை ஆக்கிய பிறகுதான் யாரும் யாரையும் கேட்காமல் பாரதி பாடலைப் பாடவும் அச்சிடவும் முடிந்தது. இன்று நம் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாரதி பாடலுக்கு ஆடுகிறார்களே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

அச்சுக்கு முந்தைய காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் ஊர்ச் சிதம்பர சுவாமிகள் பாடிய திருப்போரூர்ச் சந்நிதிமுறையைக் கந்தசுவாமி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து காதால் கேட்டே ஒருவர் மனப்பாடம் செய்துவிடலாம். கண் பார்வை இல்லாதவருக்கும் அது எட்டியது. பாட்டு புத்தகத்துக்குள் போனதும், படிக்கக் கண் வேண்டும் என்றாகிவிட்டது. அச்சினால் நமக்குக் கிடைத்தவை ஏராளம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தார் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதும் அதனால்தான்.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. பிரெய்ல் தெரியும், ஆனால் பிரெய்லில் அவளுக்குக் கிடைக்கும் கதைப் புத்தகங்கள் மிகக் குறைவு. அவளுடைய அண்ணன் கொடுத்த பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் வசதியைப் போட்டு, திரையில் இருப்பதைக் கேட்டுப் படிக்கிறாள். நாம் ‘கொஞ்சம் மெதுவாக’ என்று சொல்லும் அளவுக்கு வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாள். கதை சொல்வதில் கெட்டிக்காரி. அவள் சொல்ல, பக்கத்தில் இருக்கும் தோழி எழுதுவாள். அப்படி எழுதிய ஒரு கதை எங்கள் வகுப்பு இதழில் இடம்பெற்றது. கோவளம் கழிமுகத்தில் வலை பின்னும் ஒரு பாட்டியைப் பற்றிய கதை.

இதழைத் தட்டச்சு செய்து கொடுத்தது பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு கணினிக் கடை. அச்சுப் பிரதி அழகாகவே வந்தது. கோப்பையும் வாங்கி அந்தப் பிள்ளையின் கைப்பேசிக்கு அனுப்பினோம். அடுத்த நாள் வந்து கேட்டாள்: “டீச்சர், என் கதையை எனக்கே யாராச்சும் படிச்சுக் காட்டணுமா? போன் என்னமோ ஏ பி சி டி சொல்லுது.”

வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். ‘அம்மா’ என்ற சொல் வரும் இடத்தில் கைப்பேசி “எம், கே, செமிகோலன், கே, எச்” என்று படித்தது. காரணம் எளிதானது. அந்தக் கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்கள். அந்த வகை எழுத்துருக்களில் கோப்புக்குள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ‘எம்’ என்ற ஆங்கில எழுத்துக்கு ‘அ’ என்று ஒரு தமிழ் முகமூடி மாட்டியிருக்கும். நம் கண் முகமூடியைப் பார்த்து ‘அம்மா’ என்று படித்துவிடுகிறது. திரைவாசிப்பான் முகமூடியைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் ஆளைத்தான் பார்க்கிறது. தேடுபொறியும் அப்படித்தான். அதனால் பாமினியில் இருக்கும் கட்டுரை இணையத்தில் தேடினாலும் அகப்படாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பார்வையுள்ளவராலும் படிக்க முடியாது.

யூனிகோடில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே குறியெண். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடையும் டேஸ்-16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. தமிழ்99 விசைப்பலகை 1999-லிருந்தே இருக்கிறது. ஆனாலும் அச்சகங்களிலும் கணினிக் கடைகளிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், கை பழகிய வேகம் அது. நாம்தான் கொடுக்கும்போதே ‘யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்’ என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே பாமினியில் இருப்பதை மாற்ற இலவச மாற்றிகள் உள்ளன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கதையை மாற்றி அனுப்ப எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

தமிழாசிரியர்களுக்காக ஒரு சிறு செய்தி. ‘கொ’ என்று அச்சில் எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது. பிரெய்லில் அப்படி இல்லை. முதலில் ‘க’ புள்ளிகள், அதன் பிறகு ‘ஒ’ புள்ளிகள். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று நாம் கரும்பலகையில் போடும் சமன்பாடு அப்படியே விரலுக்குக் கிடைக்கிறது. யூனிகோடும் உள்ளே அதே வரிசையில்தான் சேமிக்கிறது. க முதலில், உயிர்க்குறி அடுத்து. இலக்கணம், பிரெய்ல், கணினி மூன்றும் ஒத்துப்போகும் இந்த இடத்தை ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். அன்று அந்தப் பிள்ளைதான் வகுப்புக்கு ஆசிரியை.

எழுத்துருச் சிக்கல் தீர்ந்ததும் அடுத்தது வந்தது: படங்கள். நாம் நல்ல கவிதை ஒன்றைப் பூ, நிலா எல்லாம் போட்டுப் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். திரைவாசிப்பானுக்கு அது வெறும் ‘படம்’. உள்ளே உள்ள கவிதை அதற்குத் தெரியாது. சுற்றறிக்கையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போடுகிறோமே, அதுவும் அப்படித்தான். வரிசையாகப் பத்துச் சிரிப்பு முகங்களைப் போட்டால், பத்து முறையும் அது பெயர் சொல்லிக்கொண்டிருக்கும். கேட்பவர் பொறுமையை எண்ணிப் பாருங்கள்.

படம் போடக் கூடாது என்று சொல்லவில்லை. படத்தோடு விவரிப்பும் தர வேண்டும். எங்கள் பிள்ளைகளை மாமல்லபுரம் களப்பயணம் அழைத்துப் போனபோது அர்ச்சுனன் தபசு சிற்பத்தைப் படம் எடுத்து வந்தோம். இதழுக்காக ஒரு மாணவன் விவரிப்பு எழுதினான்: “இது அர்ச்சுனன் தபசு. மிகவும் அழகான சிற்பம்.” அதைக் கேட்ட அந்தப் பிள்ளை, “அழகுன்னா எப்படிடா? என்ன இருக்கு அதுல?” என்றாள். அவன் முழித்தான். வகுப்பு முழுவதும் உட்கார்ந்து மறுபடி எழுதியது. கடைசியில் வந்தது ஏறக்குறைய இப்படி: ‘சுமார் 30 மீட்டர் நீளமுள்ள பாறைச் சுவர். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு, அதில் நாகர்கள். பிளவுக்கு இடப்பக்கம் மேலே, விலா எலும்பு தெரிய ஒருவர் ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறார். வலப்பக்கம் கீழே பெரிய யானை. யானையின் அருகே ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று அவரைப் போலவே முன்கால்களைத் தூக்கியிருக்கிறது. அதைச் சுற்றி எலிகள்.’ பூனையின் பகுதி வந்ததும் அவள் சிரித்துவிட்டாள். பல்லவச் சிற்பி செய்த கேலி பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்து அவளிடம் வந்து சேர்ந்தது. கண் இருக்கிறவர்களில் பாதிப் பேர் நேரில் போயும் அந்தப் பூனையைப் பார்ப்பதில்லை. வருணித்து எழுதுதல் என்று நாம் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் பயிற்சிக்கு, கேட்டுச் சிரிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்றால் பிள்ளைகள் எழுதும் விதமே வேறு.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் இதற்கு அஞ்சுகிறோம். ‘வேறொருவர் எழுதிய கதைப் புத்தகத்தைத் தட்டச்சு செய்து பார்வையற்ற மாணவருக்குக் கொடுத்தால் காப்புரிமை மீறல் ஆகாதா?’ என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டார். ஆகாது. காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏற்ற வடிவத்தில் ஒரு படைப்பை ஆக்கித் தர அனுமதிக்கிறது. பிரிவு 52(1)(இசட்பி). சொந்தப் படிப்புக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்பட வேண்டும். லாபம் பார்க்கக் கூடாது. அந்த வடிவம் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே போய்ச் சேர வேண்டும், வகுப்புக் குழுவில் எல்லோருக்கும் பகிரக் கூடாது. உலக அளவில் இதற்கென 2013-இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதை 2014 ஜூன் மாதம் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. நம் அருகிலேயே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருப்போம்.

இனி இந்தப் பேச்சின் இன்னொரு பாதி. எட்டும்படி எழுதிவிட்டோம், எங்கே வைப்பது?

பெரிய நிறுவனங்களின் தளங்களில் வைப்பது வாடகை வீட்டில் கிணறு வெட்டுவது போன்றது. ஆர்க்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்களின் காணொளிகளும் ஒரே இரவில் எட்டாமல் போயின. இந்திய மொழிகளுக்கென்றே வந்த ‘கூ’ 2024 ஜூலையில் நின்றது. காசு கொடுத்து வாங்கிய புத்தகமும் விலக்கில்லை. 2009-இல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தானாகவே நீக்கியது. எல்லாப் புத்தகங்களையும் விட்டுவிட்டு அந்த நாவலாகப் பார்த்து!

பார்வையற்றவர்களை இது இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. ட்விட்டர் 2022 அக்டோபரில் கைமாறியது. அடுத்த மாதமே அணுகல் வசதிகளைக் கவனித்துவந்த குழுவினர் வேலையை இழந்தனர். 2023 ஜனவரியில் வெளியார் உருவாக்கிய செயலிகள் தடுக்கப்பட்டன. பார்வையற்றோர் பலர் பயன்படுத்தியவை அப்படிப்பட்ட செயலிகள்தாம். அவற்றில் சிலவற்றைப் பார்வையற்ற நிரலாளர்களே தங்களுக்காக எழுதிக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஒரு பொத்தானை அழுத்தியதும் அவை பயனற்றுப் போயின. அவர்களில் நிறையப் பேர் அப்போது போய்ச் சேர்ந்த இடம் மாஸ்டடான்.

மாஸ்டடான் என்பது 2016-இல் ஆய்கன் ரோச்கோ என்ற ஜெர்மானிய இளைஞர் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். இந்தியாவில் 2019 நவம்பரில், ஒரு மூத்த வழக்கறிஞரின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது பலர் அங்கே போனார்கள், செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இதைப் ‘பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளம்’ என்கிறார்கள். அந்தச் சொல் மிரட்டுகிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. செங்கல்பட்டு ஏரி மாவட்டம். மானாமதி, தையூர், சிறுதாவூர் என்று நம் பக்கமே எத்தனை ஏரிகள். ஒரே பெரிய அணை கட்டி அதிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் விடும் ஏற்பாடு ஒன்று. ஊருக்கு ஓர் ஏரி, அதற்கு ஒரு மடகு, அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள், நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் என்னும் சங்கிலித்தொடர் ஏற்பாடு மற்றொன்று. முகநூல் அணை. மாஸ்டடான் ஏரித்தொடர். ஒவ்வொரு வழங்கியும் ஓர் ஏரி. அதற்கென்று ஒரு நிர்வாகி, சில விதிகள். ஆனால் ஓர் ஏரியில் இருப்பவர் மற்றோர் ஏரியில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். இவற்றை இணைக்கும் கால்வாய்க்குப் பெயர் ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதைப் பொதுத்தரமாகப் பரிந்துரைத்தது. கால்வாய் பொதுச்சொத்து என்பதால் யார் வேண்டுமானாலும் தமக்கு ஏற்ற செயலியை எழுதிக்கொள்ளலாம். பார்வையற்ற நிரலாளர் எழுதிய செயலியை மூட இங்கே தனி முதலாளி இல்லை. படத்துக்கு விவரிப்பு எழுத அதில் 1500 எழுத்து வரை இடமுண்டு. விவரிப்பு இல்லாத படத்தைப் பகிர்வது மரியாதைக் குறைவு என்ற பழக்கமும் அங்கே வேரூன்றியிருக்கிறது. எனக்கு அந்தப் பழக்கம்தான் மென்பொருளைவிடப் பெரிதாகப் படுகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தமிழர்கள் குறைவு. முகநூலில் 200 விருப்பக்குறி வாங்குகிறவருக்கு அங்கே இரண்டு விழும், மனசு சுருங்கும். ஏரி உடைவதுபோல வழங்கிகளும் மூடப்படுகின்றன. முன்னறிவிப்பு இருந்தால் உங்களைப் பின்தொடர்பவர்களை வேறு வழங்கிக்கு அழைத்துப் போகலாம், ஆனால் பழைய பதிவுகள் கூட வராது. அவற்றை முன்னதாகவே தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே முகநூலை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. அங்கே எழுதுங்கள், மூலப் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்கள் ஒரு செருகுநிரல் சேர்த்தால் உங்கள் தளத்தையே மாஸ்டடானிலிருந்து ஒருவர் பின்தொடர முடியும். வீடும் சொந்தம், கால்வாயும் வாசலுக்கு வந்துவிடும்.

நீண்ட எழுத்துக்கு, அதாவது புத்தகத்துக்கு, மின்னூல்தான் வழி. இதில் தமிழர்கள் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். 1998 பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டம் தொடங்கினார். சங்க இலக்கியம் முதல் பாரதி வரை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வீட்டிலிருந்து தட்டச்சு செய்து கொடுத்தார்கள். எழுத்துரு மாறிய காலங்களில் அத்தனையையும் அவர்கள் யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் நம் பத்து நிமிட வேலை ஒன்றுமில்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக வைத்திருப்பதன் ஆபத்து அதைவிடக் கொடிதாக யாருக்கும் உணர்த்தப்பட்டிருக்காது. 2005-லிருந்து ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தி வருகிறது. இங்கே தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையான நூல்களின் வருடல்களை விக்கிமூலத்துக்கு வழங்கியது. அவை படமாக இருந்தவை. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து எழுத்தாக்கி வருகிறார்கள். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்துப் பாருங்கள். ஒற்றுப்பிழை பாடத்துக்கு அதைவிடப் பயிற்சி இல்லை.

இன்றைய எழுத்தாளர்களுக்கென 2013-இல் தொடங்கியது ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம். ‘கணியம்’ இதழை நடத்தும் த. சீனிவாசனும் நண்பர்களும் நடத்துவது. உங்கள் நூலைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட இசைவு தெரிவித்துக் கோப்பை அனுப்பினால், மின்னூலாக்கி இலவசமாக வெளியிடுகிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் உரிமையைத் தூக்கிக் கொடுப்பதில்லை. என் பெயரைச் சொல்லிப் பகிரலாம் என்று நாமே முன்கூட்டித் தரும் அனுமதி. வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை சேர்த்துக்கொள்ளவும் முடியும். இபப் வடிவத்தில் கிடைப்பதுதான் எனக்கு முக்கியம். பிடிஎஃப் என்பது தாளின் நகல், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு ஓடிவிடும். இபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். குறைப்பார்வை உள்ள பிள்ளைக்கும், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த நமக்கும் அது உதவும். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் ஆக்காமல், எழுதும் மென்பொருளில் ‘தலைப்பு’ என்றே குறித்துவிட்டால், திரைவாசிப்பானில் ஓர் இயலிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியும். இல்லாவிட்டால் 12-ஆம் கதையைக் கேட்க, முதல் 11 கதைகளையும் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

‘இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்குமா?’ என்று கேட்பீர்கள். எழுத்தையே நம்பி அடுப்பெரிக்கும் ஒருவரிடம் போய் இலவசமாகக் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் நாம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். விற்க விரும்பினால் 2016 இறுதியிலிருந்து கிண்டிலும் தமிழை ஏற்கிறது. அச்சுப் பிரதியையும் தனியே விற்கலாம். எந்த வழியானாலும், வெளியிடும் முன் நம் பணி விதிகளில் அனுமதி தேவையா என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர் எழுத்தை வெளியிடும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். கதை எழுதிய பிள்ளைக்குத்தான் அதன் உரிமை, பள்ளிக்கோ நமக்கோ அல்ல. பெற்றோரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள். முகம் தெரியும் படம், முழுப் பெயர், ஊர், பள்ளி நான்கையும் சேர்த்துப் போடவே வேண்டாம். சமூக வலைத்தளக் கணக்கு ஆசிரியருடையதாக இருக்கட்டும், பிள்ளைகளுக்குத் தொடங்கிக் கொடுக்காதீர்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையின் படத்தைப் போட்டு ‘குறையை வென்ற சாதனை’ என்று எழுதும் ஆசை நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. வலை பின்னும் பாட்டியின் கதையை அவள் எழுதியது நம் பாராட்டுக்காக அல்ல. கதை நன்றாக இருக்கிறது, அதனால் வெளியிடுகிறோம். பெற்றோர் ஒப்புதலோடு, புனைபெயரில், எங்கள் இதழின் இரண்டாவது தொகுப்பு இபப்பாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. புனைபெயரை அவளே வைத்துக்கொண்டாள், என்னவென்று சொன்னால் அப்புறம் அது புனைபெயர் இல்லை. மெய்ப்புப் பார்க்கிறவளும் அவள்தான். நாம் கண்ணால் தாண்டிப்போகும் இரட்டை இடைவெளியும் எழுத்துப்பிழையும் அவள் காதுக்கு உடனே தட்டுப்படுகின்றன. ‘ண’கர ‘ன’கர வேறுபாட்டில் மட்டும் கைப்பேசிக் குரலுக்கும் அவளுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு எங்கள் பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தைத் திறந்து வைத்திருப்போம். பாமினியிலோ வானவில்லிலோ உள்ள உங்கள் பழைய கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து வாருங்கள். கோப்பு இல்லாமல் புத்தகம் மட்டும் இருந்தால் அந்தக் கட்டிலடிக் கட்டிலிருந்து ஒரு பிரதி கொண்டுவாருங்கள், வருடி எழுத்தாக்கிப் பார்ப்போம். மாற்றிய கோப்பைத் திரைவாசிப்பானில் ஓடவிட்டு, உங்கள் எழுத்தை நீங்களே ஒரு முறை கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் போகலாம். சிறப்பாசிரியர் இருவர் உதவ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் பெயரை வாசலில் உள்ள தாளில் எழுதிவிட்டுப் போனால் தேநீருக்குக் கணக்குப் பார்க்க வசதியாக இருக்கும்.